தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் பல்லக்காவின் வாய் எந்தக் காலத்தில் சும்மா இருந்திருக்கிறது?

பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள் என்பதால் தெரு முழுக்க அவளுக்குப் பல்லக்கா என்றுதான் பேர். அவள் புருஷனுக்குப் பேர் ரெக்கார்டு. கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றவர். வக்கீல் இருமினால் இருமல், சாட்சி திக்கினால் திக்கல் என்று ஒன்று விடாமல் எடுத்தவர். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாரே தவிர, காது மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. யார் என்ன சொன்னாலும் வார்த்தை பிசகாமல் மனசில் ஏறிவிடும். "நான் அந்த அர்த்தத்துல சொல்லலை" என்று யாராவது இழுத்தால், "அர்த்தம் பாக்கறது ஜட்ஜ் வேலை, என் வேலை இல்லை" என்று முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு, வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு மறுநிமிஷம் மறந்துபோகிற ஒருத்தி பெண்டாட்டியாக வாய்த்தாள். யார் செய்த ஏற்பாடோ தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லக்கா பாதி டீயில் இருக்கும்போது வாசலில் மணி அடித்தது. கையில் அளவு நாடாவோடு ஒரு இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா?"

"கிச்சன் டிசைன் பண்ண வந்திருக்கேன் மேடம். சார்தான் போன் பண்ணி வரச் சொன்னார்."

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். ரெக்கார்டு இஸ்திரி போட்ட சட்டையில், கோர்ட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி தயாராக நின்றார்.

"என்னங்க இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"நீதானே சொன்னே."

"நானா? எப்ப சொன்னேன்?"

"'இந்த அடுப்படியை முதல்ல இடிச்சுத் தள்ளுங்க, அப்பதான் எனக்கு விடிவுகாலம்.' போன மழைக்காலத்துல. சிங்க் அடைச்சுக்கிட்டு தண்ணி கீழ வழிஞ்சப்ப."

சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் அப்படிச் சொல்லாத பெண்பிள்ளை உலகத்தில் ஒருத்தி உண்டா? சொன்னதற்காக ஒருவர் உண்மையிலேயே ஆளை வரவழைப்பாரா? வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி வைக்கவும் முடியாமல் பல்லக்கா வழியை விட்டாள்.

அளவுப் பெண் கெட்டிக்காரி. உள்ளே வந்ததும் நாடாவை நீட்டி மடக்கி நாலு பக்கமும் அளந்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "கிச்சன்ங்கறது அழகா இருந்தா மட்டும் போதாது மேடம். உங்க வீட்டு லைஃப்ஸ்டைலுக்குப் பொருந்தணும். யார் சமைப்பீங்க, எப்ப சமைப்பீங்க, எது கஷ்டமா இருக்கு, எல்லாம் மனசு விட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பல்லக்கா வாயைத் திறப்பதற்குள் ரெக்கார்டு தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத கோர்ட்டுக் குரலில் ஆரம்பித்தார்.

"'குனிஞ்சு குனிஞ்சு பாத்திரம் கழுவி என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு.'"

அளவுப் பெண் எழுந்து போய் சிங்க்கை அளந்தாள். "ஆமா சார், உயரம் ரொம்பக் கம்மி. தூக்கி வெச்சுடலாம்."

"'டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். ரெண்டையும் ஜோடி சேக்கறதுக்குள்ள என் பாதி ஆயுசு போயிடுது.'"

"அகலமா இழுப்பறை குடுத்துடறேன்."

"'இந்த வெளிச்சத்துல வெங்காயம் எது விரல் எதுன்னே தெரியலை.'"

"மேல்அலமாரிக்கு அடியில லைட்."

"'எனக்கென்ன ஆயிரம் கையா இருக்கு?'"

அளவுப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "இன்னொருத்தர் கூட நின்னு வேலை செய்ய இடம்னு எழுதிக்கறேன் சார்."

"'என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது கண்காணாத இடத்துல விட்டுடுங்க.'"

"அது கிச்சன்ல வராது சார்."

பல்லக்காவுக்கு முதலில் மானம் போனது. ஊர் பேர் தெரியாத பெண்ணின் எதிரில் தன் புலம்பலையெல்லாம் துணி உலர்த்துவதுபோல வரிசையாகத் தொங்கவிடுகிறாரே என்று பல்லைக் கடித்தாள். ஆனால் போகப்போக வேறு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு 'உம்' கூடக் கொட்டாமல் உட்கார்ந்திருந்த மனுஷர், அவள் சொன்னதில் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை. அவளுக்கே மறந்துபோனதெல்லாம் பத்திரமாக இருந்தது. வந்தவளுக்கு ஒரு டீ போட உள்ளே போனபோது பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் லேசாகக் கலங்கியது. ச்சீ, இது ஒரு விஷயமா என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வரைபடம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க உப்பு டப்பாவை ஒரு மூலையிலும் ரெக்கார்டின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இன்னொரு மூலையிலும் வைத்தார்கள். பல்லக்கா விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். உயர்ந்த சிங்க், அதற்கு மேலே ஜன்னல். அடுப்புக்குப் பக்கத்திலேயே எண்ணெய் பாட்டில்களுக்கு ஒல்லியாக ஒரு இழுப்பறை. மூடிகளுக்கென்றே தனித் தட்டு. ஆகா, ராணி மாதிரி சமைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே விரல் நகர்ந்தது. நகர்ந்த விரல் நிற்காமல் நேராக ஹாலுக்குள் போய் சோபாவில் முட்டியது.

"ஏம்மா, இங்க ஒரு சுவர் இருக்கணுமே?"

"அதை எடுத்துடறோம் மேடம். ஓப்பன் கிச்சன். சார் இது ஒண்ணை மட்டும் ரொம்ப அழுத்திச் சொன்னார்."

பல்லக்கா ரெக்கார்டைப் பார்த்தாள். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எதிரில் நிற்கிறவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம்.

"'இந்த வீட்டுல நான் சுவத்துகிட்டதான் பேசிட்டு இருக்கேன்'" என்று ஒப்பித்தார். "பல தடவை சொல்லியிருக்கே. இனிமே அந்தச் சுவரே இருக்காது."

பல்லக்கா விரலை வரைபடத்திலிருந்து எடுத்தாள்.

அந்தச் சுவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் பல்லக்காவின் வேலை காலையிலிருந்து பதில் சொல்வது. பல்வலியில் வருகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கத்துவான், அழுவான், முன்பதிவு செய்யாமல் வந்துவிட்டுச் சட்டம் பேசுவான். அத்தனை பேருக்கும் தேன் தடவின குரலில் "கொஞ்சம் உக்காருங்க, இதோ கூப்பிட்டுடுவாங்க" என்று சொல்லவேண்டும். சுடச்சுடப் பதில் நாக்கு நுனியில் நிற்கும். விழுங்கிவிடுவாள். விழுங்கினதெல்லாம் எங்கே போகும்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, கத்தியை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்து நிற்பாள். காயை நறுக்கிக்கொண்டே பகலில் சொல்லாமல் விட்ட பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்ப்பாள். சுவரும் நல்ல சுவர். குறுக்கே பேசாது, புத்தி சொல்லாது, 'நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. காய் நறுக்கி முடிக்கும்போது பல்லக்காவும் மனுஷியாகிவிடுவாள்.

அவள் சுவரோடு பேசுகிறேன் என்று அலுத்துக்கொண்டது என்னவோ புருஷனைக் குத்திக்காட்டத்தான். ஆனால் பாருங்கள், அது அட்சரம் பிசகாத உண்மையாகவும் இருந்தது! அதோடு, நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பொழுதுதான். சுவர் போனால் அதுவும் போச்சு.

சொல்லிவிட்டுப் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எப்படிச் சொல்வது? ஆசை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுகிறவரிடம், 'எனக்குச் சுவர் போதும், நீங்க வேணாம்' என்றா சொல்வது? எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் அந்த வாக்கியம் அப்படித்தான் வந்து நின்றது. அதையும் அந்த மனுஷர் ஒரு எழுத்து விடாமல் ஆயுசுக்கும் வைத்திருப்பார். அந்தப் பயம் வேறு.

ஆகவே பல்லக்கா சுற்றி வளைத்தாள்.

"தாளிச்சா நெடி ஹாலுக்கெல்லாம் வருமேம்மா?"

"நல்ல புகைபோக்கி போட்டுடலாம் மேடம்."

"யாராவது வந்தா கழுவாத பாத்திரம் கண்ணுல படுமே?"

"சின்னதா ஒரு மறைப்பு வெச்சுடலாம்."

"மிக்ஸி சத்தத்துல இவருக்கு டிவி கேக்காது, பாவம்."

"நான் டிவி பாக்கறதே இல்லையே" என்றார் ரெக்கார்டு.

எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது சுவரை இடிக்க வரப்போகிற மேஸ்திரி ஒருவர்தான்.

மேஸ்திரி வருகிற காலையில் பல்லக்கா வாசலிலேயே காத்திருந்து அவரை மடக்கினாள். கையில் டீயைக் கொடுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மேஸ்திரி, எனக்காக ஒரே ஒரு உதவி. இந்தச் சுவத்தை இடிச்சா மேல்தளம் இறங்கிடும்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

மேஸ்திரி டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தலையாட்டினார். "பாத்துச் சொல்றேம்மா" என்றார். நல்ல மனுஷர், பிழைத்தோம் என்று பல்லக்கா பெருமூச்சு விட்டாள்.

அவர் பார்த்தார். அங்கேதான் காரியம் கெட்டது. விரலை மடக்கிச் சுவரில் தட்டியதும் தொழில்புத்தி முந்திக்கொண்டது. "அட, இது என்னங்க சுவரு! வெறும் தடுப்பு. மேல எதையுமே தாங்கலை. ரெண்டு பேரு சேந்து சாஞ்சா விழுந்துடும். மத்தியானத்துக்குள்ள தட்டிடலாம் சார்!"

பிறகுதான் பல்லக்காவின் முகம் கண்ணில் பட்டது. மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "ஆனா, இடிச்சா தளம் இறங்கிடும்னு அம்மா சொல்லச் சொன்னாங்க" என்று போட்டு உடைத்தார்.

பல்லக்காவுக்கு அந்தத் தளம் அப்போதே தன் தலையில் இறங்கினால் தேவலை என்றிருந்தது.

அளவுப் பெண் நாடாவைச் சுருட்டுவதில் மும்முரமானாள். மேஸ்திரி டம்ளரோடு வாசல் பக்கம் நழுவினார். ரெக்கார்டு மட்டும் அசையாமல் நின்றார்.

"நீயா அப்படிச் சொல்லச் சொன்னே?"

"ஆமா."

"எதுக்கு?"

இனி சுற்றி வளைக்க இடம் இல்லை. "எனக்கு அந்தச் சுவர் வேணுங்க" என்றாள் பல்லக்கா.

அவருக்குப் புரியவில்லை. "வேணுமா? அதுகிட்டதான் தனியா நின்னு பேசிட்டு இருக்கியே. தினமும் கேக்கறப்ப எனக்குக் கஷ்டமா இருக்கே."

"என்னது? தினமும் கேக்கறீங்களா?"

"நான் இந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கேன்."

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குப் போன காலத்தில் அவர் வீடு திரும்ப இருட்டிவிடும். அந்த நினைப்பிலேயே, சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று இருந்துவிட்டாள். ஓய்வு பெற்றவர் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டதைப் பார்த்தும் இருக்கிறாள். காற்று வருகிற இடம் என்றுதான் நினைத்தாள்.

"என்ன கேட்டீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டுவிட்டாள். இவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

ரெக்கார்டு கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். "'ஏன்யா, வருஷக்கணக்கா இனிப்பைத் தின்னு தின்னு பல்லைச் சொத்தையாக்கிட்டு வந்திருக்கே. உன் பல்லு ஒரே நாள்லயா கெட்டுப்போச்சு? ஒரு நிமிஷம் உக்காரச் சொன்னா எங்கிட்ட குதிக்கறே?' இது புதன்கிழமை. 'டாக்டரே, உங்க கார் சாவியைத் தேடவா என்னை வேலைக்கு வெச்சீங்க? அது உங்க வெள்ளைக் கோட்டுப் பையிலதான் இருக்கு, இருக்குது, இருக்குது!' இது வியாழக்கிழமை. கடைசி 'இருக்குது'ல கத்தியால பலகையைத் தட்டினே."

அளவுப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்புறம் என்னைப் பத்திக் கொஞ்சம்" என்றார் ரெக்கார்டு. கண்ணைத் திறந்துவிட்டார். "அது சரியாப் பதிவாகலை."

பதிவாகவில்லையாம்! இருமலைக்கூட விடாத காது. பல்லக்காவுக்கு நினைவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, பூசணிக்காய் சீவிக்கொண்டே சொன்னாள்: 'இந்த மனுஷனும் இருக்காரே, பக்கத்துல உக்காந்தா நாற்காலி பக்கத்துல நாற்காலி போட்ட மாதிரி.' சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

"பதிவாச்சு உங்களுக்கு" என்றாள் மெதுவாக.

அவர் மறுக்கவில்லை. சுவரோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"கோர்ட்டுல எல்லாரும் பேசுவாங்க" என்றார். "வக்கீல் சாட்சிகிட்ட பேசுவார். சாட்சி ஜட்ஜ்கிட்ட பேசுவார். நான் நடுவுல உக்காந்திருப்பேன். எல்லாப் பேச்சும் என்னைத் தாண்டித்தான் போகும். எங்கிட்டன்னு யாரும் ஒண்ணும் பேசினதில்லை. 'எழுதிட்டீங்களா'ன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உக்காந்தா நீ இவ்வளவு பேசறே. சிரிப்பா வேற பேசறே. அதையும் சுவத்துகிட்ட பேசறே. அது இருக்கற இடத்துல நான் இருந்தா என்னன்னு தோணுச்சு."

பல்லக்காவுக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. அவளுக்கு எதுவும் தனியாக வந்து பழக்கமில்லை.

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? அதுக்கு வீட்டை இடிக்கணுமா?"

"நீ கேக்கலை."

"கேட்டாத்தான் சொல்லணுமா? சாட்சிக் கூண்டுலயா நிக்கறீங்க? நான் உங்க பொண்டாட்டிங்க!"

அவர் அசடு வழிந்தார். பல்லக்கா அவர் எதிரில் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சொல்லவே முடியாது என்று நினைத்திருந்த அந்த வாக்கியம் இப்போது சாதாரணமாக வந்தது.

"பாருங்க. நாள் பூரா ஊருக்கெல்லாம் பதில் சொல்லிட்டு வர்றேன். வந்ததும் கொஞ்ச நேரம் எனக்கு யாரும் வேணாம். நீங்களும் வேணாம். கோவிச்சுக்காதீங்க. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் முடிஞ்சதும் நீங்க வேணும். நாற்காலியா இல்லை, ஆளா வேணும்."

ரெக்கார்டு தலையை ஆட்டினார். "பதிவாயிடுச்சு" என்றார். குரல் அவ்வளவு தட்டையாக இல்லை.

பல்லக்கா எழுந்தாள். "ஏம்மா அளவுப் பொண்ணு, இங்க வா. சுவர் இருக்கட்டும். நடுவுல ஒரு ஜன்னல் வெக்க முடியுமா? கதவு போட்டு?"

அளவுப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா மேடம்! இதைத்தானே முதல் நாள் மனசு விட்டுச் சொல்லுங்கன்னு கேட்டேன்."

"முதல் நாள் எங்களுக்கே தெரியாதேம்மா."

மேஸ்திரி காலி டம்ளரோடு மறுபடி உள்ளே வந்தார். ஜன்னல் என்றதும் அவருக்கும் உயிர் வந்தது. "எந்த உயரத்துலம்மா?" என்று கேட்டார்.

"அவர் உக்காந்தா முகம் தெரியணும். அந்த உயரத்துல."

பல்லக்கா மேஸ்திரியிடமிருந்து சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ரெக்கார்டு அந்தப் பக்கம் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"முகத்துக்கு நேரா தட்டுங்க!" என்று கூவினாள்.

டொக் டொக் என்று கேட்டது. பல்லக்கா சுவரில் காதை வைத்தாள். சத்தம் வந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

"இன்னொரு தடவை. நிமிந்து உக்காந்துக்கிட்டு தட்டுங்க. எப்பவும் கூன் போட்டு உக்காருவீங்க, எனக்குத் தெரியும்."

இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் மேலே வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா வெக்கறது?" என்று மேஸ்திரி கேட்டார். "ஹால் பக்கமா, உள் பக்கமா?"

பல்லக்கா வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"அவ பக்கம்."

அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார். மேஸ்திரியும் அளவுப் பெண்ணும் நாடாவைப் பிடித்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் என்னவோ கணக்குப் பேசப் போனார்கள்.

"ஏங்க, கேக்குதா?" என்றாள் பல்லக்கா, சுவரைப் பார்த்து.

"கேக்குது."

"நேத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்தார். பல்லே இல்லை. ஒரு பல்லுகூட இல்லை. வந்து, எனக்குப் பல்வலிங்கறார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"என்ன, ஆளையே காணோம்?"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"பதிவு பண்ணாதீங்க. பதில் சொல்லுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. இத்தனை வருஷம் பழக்கமில்லாத வேலை, மனுஷர் என்ன செய்வார்? தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றார்.

பல்லக்கா சுண்ணக்கட்டியை மேடையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.